ஒப்பந்தம் என்பது எது?

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ மளிகைக்கடையோ சாப்பாட்டுக்கடையோ வைத்திருப்பவர் ஒருவர் பெரிய கம்பெனியிடம் சரக்கெடுக்கப் போனால், பல பக்கங்கள் கொண்ட ஒப்பந்தமொன்று அவர்முன் வைக்கப்படுகிறது. அதன் தொடக்கத்தில் சொற்களுக்குப் பொருள் கூறும் பகுதி ஒன்றிருக்கும். 'போட்டிச் சட்டம்' என்பது 2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தையும், அதன்கீழ்ப் பிறக்கும் விதிகளையும், பின்னால் அதற்குச் செய்யப்படும் திருத்தங்களையும் குறிக்கும் என்று அதிலே கண்டிருக்கும். சில பக்கங்கள் தள்ளி, இரு தரத்தாரும் அச்சட்டத்துக்கு அடங்கி நடப்பார்கள் என்றொரு வாசகம் இருக்கும். கடைக்காரர் கையெழுத்திடுகிறார். மறுநாள் மாலை வியாபாரிகள் சங்கக் கூட்டத்துக்குப் போகிறார். அங்கே ஒருவர், "எல்லோரும் சேர்ந்து பத்துக் காசு ஏற்றிவிடுவோம், ஒருவன் ஏற்றி மற்றவன் ஏற்றாவிட்டால் ஏற்றினவன் கெட்டான்" என்கிறார். மற்றவர்கள் தலையசைக்கிறார்கள். நம்மவரும் தலையசைத்துவிட்டு வீடு திரும்புகிறார். முதல்நாள் தாம் செய்தது ஒப்பந்தமென்றும், இரண்டாம் நாள் செய்தது வெறும் பேச்சென்றும் அவர் எண்ணுகிறார். சட்டமோ இரண்டையும் ஒப்பந்தம் என்றே அழைக்கிறது.

பத்திரத்தில் எழுதியுள்ள பொருள்விளக்கத்தைச் சற்று ஆராய்வோம். பொருள் கூறுவதாகச் சொல்லிக்கொண்டு அது சட்டத்தின் பெயரையே திரும்பச் சொல்லுகிறது. ஊர்ப் பெயரைச் சொல்லி வழியைச் சொல்லாமல் விடுவது போன்றதே இது. வழியை அறிய வேண்டுமானால் சட்டத்தையே பார்க்க வேண்டும். அதன் இரண்டாம் பிரிவு, கோர்ட்டில் வழக்காடி நிறைவேற்றக் கூடியதாயினும் சரி, கூடாததாயினும் சரி, தொழில் நடத்துவோர் தமக்குள் செய்துகொள்ளும் எவ்வித உடன்படிக்கையும், ஏற்பாடும், புரிந்துணர்வும் ஒப்பந்தமே என்கிறது. சங்கத்தின் தீர்மானமும் அதில் அடங்கும். வாய் திறவாமலே ஒருவரையொருவர் அனுசரித்து நடக்கும் கூட்டு நடவடிக்கையும் அடங்கும். நான்காம் பிரிவின்படி, போட்டியாளர்கள் கூடி விலையை நிர்ணயித்தாலும், விற்கும் இடங்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டாலும், உற்பத்தியைக் குறைத்தாலும், டெண்டரில் கள்ள ஏற்பாடு செய்தாலும், அவர்களுடைய நோக்கமே போட்டியைக் கெடுப்பதென்று கொள்ளப்படும். "நாங்கள் செய்ததால் எவருக்கும் நஷ்டமில்லை" என்று வாதிப்பது அங்கே எளிதில் பலிக்காது.

நமது வியாபாரிகள் நெடுங்காலமாக அறிந்த சட்டம் வேறு. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஒருவனை நியாயமான தொழில் செய்யவொட்டாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த மட்டில் செல்லாது என்கிறது. செல்லாது என்றால், அதைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு வராதே என்பதுதான். அங்கே சட்டம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிறதேயன்றி எவரையும் தேடிக்கொண்டு வருவதில்லை. 2012 ஜனவரி முதல் நாளன்று அமலுக்கு வந்த போட்டிச் சட்டமோ தேடி வருகிறது. குற்றம் நடந்த காலத்தில் உலகெங்கும் நடந்த மொத்த வியாபாரத்தில் பத்தில் ஒரு பங்கு வரையில் அபராதம் விதிக்கவும் அதற்கு அதிகாரமுண்டு.

கோலாலம்பூர், சிலாங்கூர், புத்ராஜெயா வட்டாரத்து ஐஸ் உற்பத்தியாளர்களின் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 2014 ஜனவரி முதல் குழாய் ஐஸ் பைக்கு 50 காசும், பெரிய ஐஸ் கட்டிக்கு 2 ரிங்கிட் 50 காசும் ஏறுமென்று அவர்கள் கூடிப் பத்திரிகையிலேயே விளம்பரம் செய்தார்கள். 2015ல் மலேசியப் போட்டி ஆணையம் 24 கம்பெனிகளுக்கு மொத்தம் 252,250 ரிங்கிட் அபராதம் விதித்தது. அதற்கு முன்பு, 2012ல், கேமரன் மலைப் பூ விவசாயிகள் சங்கமும் பூ விலையைப் பத்து சதவீதம் ஏற்றுவதாக அறிவித்து இவ்விதமே அகப்பட்டுக்கொண்டது.

நம்மைச் சிந்திக்க வைப்பது அந்த விளம்பரந்தான். கள்ளத்தனம் செய்கிறவன் பத்திரிகையில் போட்டுக்கொண்டா செய்வான்? தாம் தப்புச் செய்வதாக அவர்கள் நினைக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஒளிவு மறைவின்றிச் செய்தால் அது யோக்கியமான காரியம் என்ற எண்ணம் நம் ஜனங்களிடம் ஊறிக் கிடக்கிறது. ஆனால் ஐஸ் வாங்கும் சாப்பாட்டுக்கடைக்காரர் நிலையிலிருந்து பார்த்தால் என்ன? அவரிடம் முன்கூட்டியே சொல்லியாயிற்று; ஆனால் வேறிடம் போகும் வழி அடைபட்டுவிட்டது. வெளிப்படையாக அடைத்தாலும் அடைத்தது அடைத்ததே. அந்த ஐம்பது காசு கடைசியில் ஐஸ் தேத்தண்ணீர் குடிக்கும் லாரிக்காரர் தலையிலும் ஆலைத் தொழிலாளி தலையிலுமே விழும்.

"பெரிய அங்காடிக்காரன் தன்னந்தனியாக விலையை ஆட்டிப் படைக்கிறான், சிறிய கடைக்காரர் நாங்கள் பத்துப் பேர் சேர்ந்தால் குற்றமா?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆதிக்கம் உள்ளவன் அதைத் தகாத வழியில் பிரயோகிப்பதைப் பத்தாம் பிரிவு தடுக்கிறது என்பது மெய்யே. ஆனால் ஒருவனிடம் ஆதிக்கம் உண்டென்று காட்டுவதைவிடப் பத்துப் பேர் கூடினார்களென்று காட்டுவது சுலபம். சந்தையில் இருபது சதவீதத்துக்கு மேற்படாத போட்டியாளர்களுக்கு ஆணையத்தின் வழிகாட்டி காட்டும் சலுகையும் விலை நிர்ணயத்துக்குப் பொருந்தாது. எளியவர்மேல் சட்டம் சுலபமாக விழுகிறது என்பதை நாம் மறைக்கவில்லை. எனினும், அதற்காக வாங்குகிறவனிடம் வாங்கிச் சரிக்கட்டலாமென்பதை ஒப்ப முடியாது.

இதைவிடக் கடினமான கேள்வி வேறொன்று உண்டு. விலைக்காகக் கூடுவது குற்றமானால், கூலிக்காகத் தொழிலாளர் கூடுவதும் குற்றந்தானே? அமெரிக்காவில் உண்மையாகவே அப்படிச் சொன்னார்கள். முதலாளிகளின் கூட்டை உடைப்பதற்காக 1890ல் செய்த ஷெர்மன் சட்டத்தைத் தொப்பித் தொழிலாளர் சங்கத்தின்மேல் திருப்பி, 1908ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. 1914ல் கிளேட்டன் சட்டம் வந்துதான், மனிதனுடைய உழைப்பு விற்பனைச் சரக்கன்று என்று எழுத வேண்டியதாயிற்று. நமது சட்டம் அந்தச் சங்கடத்தை முதலிலேயே தவிர்த்தது. முதலாளி தரப்பும் தொழிலாளி தரப்பும் பேசி முடிக்கும் கூட்டுப் பேரத்துக்கு அதன் இரண்டாவது அட்டவணை விலக்களிக்கிறது. முதலாளிகள் மட்டும் தனியே கூடிக் கூலியை அமுக்குவதற்கு அங்கே விலக்கில்லை.

இந்த வித்தியாசத்தின் அருமையைத் தோட்டத்து மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1907ல் ஏற்பட்ட இந்தியர் குடியேற்றக் குழுவில் சர்க்கார் அதிகாரிகளும் தோட்டத்துரைமாரும் சேர்ந்து அமர்ந்தார்கள். ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்த நாட்கூலி 1930ல் 40 காசாகவும் 32 காசாகவும் வெட்டப்பட்டது. அதன் பெயர் நிர்ணயக் கூலி. ரப்பர் விலையை உயர்த்துவதற்காக 1922 முதல் 1928 வரை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினார்கள். அதன் பெயர் ஸ்டீவன்சன் திட்டம். 1941ல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் கூடிச் சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். அதற்கு மட்டும் கலகம் என்று பெயர் வந்தது. தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை பிரகடனமாயிற்று. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். மூன்றும் கூட்டு நடவடிக்கையே. பெயர் வைக்கும் அதிகாரம் எவர் கையில் இருந்தது என்பதில்தான் வேற்றுமை.

இன்றைய சட்டம் அன்று இருந்திருந்தால் அந்தக் குழுவைத் தடுத்திருக்குமா என்று கேட்டால், தடுத்திராது என்றே நாம் கருதுகிறோம். சட்டம் இட்ட கட்டளைக்கு இணங்கச் செய்யும் காரியங்களுக்கும் அதே அட்டவணையில் விலக்குண்டு. அந்தக் குழுவோ சட்டத்தால் பிறந்த குழு.

நம் கடைக்காரரிடம் திரும்புவோம். அடுத்த கூட்டத்தில் விலைப் பேச்சு எழும்போது அவர் பேசாமலிருந்தால் போதாது. மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படக்கூடும். "இந்தப் பேச்சில் எனக்குச் சம்பந்தமில்லை" என்று வாய்விட்டுச் சொல்லி, அதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் செய்து, எழுந்து வெளியே வரவேண்டும். பத்து வருஷம் பக்கத்துப் பக்கத்துக் கடையில் இருந்தவர்கள் முன்னிலையில் அப்படி எழுந்து வருவது லேசான காரியமன்று.