நடுக்குவாதமும் நோவும்

1817இல் லண்டன் வைத்தியர் பார்க்கின்சன் விவரித்த நடுக்குவாதத்தில் தோளும் முதுகும் நோவதுண்டு. தாராவியில் முதியோர் இதைச் சொன்னால், "பூர்வ கர்மம், அனுபவி" என்கின்றனர்; பஞ்சசீலம் ஏற்ற நம்மவருமா!

எல்லா வேதனையும் முன்வினைதானோ என்று மோலிய சீவகர் வினவியபோது பகவன் புத்தர் மறுத்தார். பித்தம், சிலேத்துமம், வாயு, பருவமாற்றம் எனக் காரணங்களை எடுத்துரைத்தார்.

மூளையில் டோபமின் குறைய, தசைகள் இறுகி நோகின்றன. கை நடுங்குமுன்பே ஒரு பக்கத் தோள் நோவதுமுண்டு. நாமோ தைலம் தேய்த்தே ஆண்டுகளைக் கழிக்கிறோம். மருந்தின் வேகம் தணிகையில் நோவு மிகலாம். ஆகவே மருந்துண்ட நேரத்தையும் நோவெழும் நேரத்தையும் குறித்துச் சயான் மருத்துவமனை வைத்தியரிடம் காட்டுவோம்.

நோவைச் சொல்ல நாணுவோரே! கபிலவஸ்துவில் பகவன், முதுகு நோகிறதென்று சபையிலேயே கூறி, ஆனந்தரைப் போதிக்கப் பணித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.