கோட்டையா, அடைக்கலமா?

திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டினால் ரஞ்சன்குடிக் கோட்டை. அகழி, அடுக்கடுக்காக மதில், அரைவட்டக் கொத்தளங்கள். இத்தனை இருந்தும், 1751இல் ஆர்க்காட்டு நவாபு பட்டத்துக்காகச் சந்தா சாகிபும் முகமது அலியும் பிரெஞ்சு, ஆங்கிலப் படைகளைத் துணைக்கு வைத்து மோதியபோது, போர் இதன் வாசலுக்கே வந்தது. இங்கிருந்து தெற்கே, அரியலூர் மாவட்டத்தின் கொள்ளிடக் கரைப் பக்கம் ஏலாக்குறிச்சி. தஞ்சை நாட்டில் துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்கள் ஆற்றைக் கடந்து வந்து ஒதுங்கிய ஊர் என்பது அந்தத் திருத்தலத்தின் வரலாறு. வீரமாமுனிவர் அதற்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்தார். மாதாவுக்கு அங்கே அடைக்கல மாதா என்று பெயர். கஷ்ட காலத்து விசுவாசத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்த இரண்டு இடங்களும் எனக்குள் எதிரெதிரே வந்து நிற்கின்றன. கோட்டைக்குள் இருப்பவனுக்கு அடி விழக்கூடாது. விழுந்தால் கோட்டை பொய்த்துவிட்டது என்று அர்த்தம். அடைக்கலம் தேடுகிறவனோ அடிபட்ட பிறகுதான் வருகிறான்.

நம்மில் பெரும்பாலோர் விசுவாசத்தைக் கோட்டையாகவே நினைத்து வளர்ந்திருக்கிறோம். ஜெபித்தேன், நோய் போயிற்று என்று சாட்சி சொல்ல மேடை இருக்கிறது. ஜெபித்தும் நோய் போகாதவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரை யாரும் ஒலிபெருக்கி முன்னால் கூப்பிடுவதில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி அடித்தபோது வேளாங்கண்ணிப் பேராலயம் நின்றது. கடற்கரையில் இருந்தவர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள், அவர்களில் திருப்பயணிகளும் உண்டு. ஆலயம் தப்பியதை மட்டும் அற்புதம் என்று எண்ணுகிறவர், கரையில் கிடந்தவர்களை எந்தக் கணக்கில் எழுதுவார்? அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல நாக்கு கூசவேண்டும். வேதாகமத்தில், துன்பத்தில் கிடந்த யோபுவின் நண்பர்களுக்குக் கூசவில்லை. ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்லவர்கள்; பேசத் தொடங்கியதும் கெட்டது. கதையின் முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது தன்னோடு வழக்காடிய யோபுவிடம் அல்ல, தனக்காக வக்காலத்து வாங்கிய அந்த நண்பர்களிடம்.

இதெல்லாம் மனசைத் தேற்றிக்கொள்ளும் வழி, அவ்வளவுதானே என்று நம்பாதவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆறுதல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆறுதலுக்காக மட்டும் கட்டிய மதம் சங்கீதப் புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் புலம்பலை விட்டுவைத்திருக்குமா? 88ஆம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் விடியவே இல்லை. கடவுள் மேல் போட்ட குற்றச்சாட்டை அவருடைய வேதத்திலேயே சேர்த்துத் தைத்து, தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்திருக்கிறார்கள். விசுவாசம் என்ற சொல்லையே பாருங்கள். தமிழில் நாயையும் விசுவாசமுள்ளது என்கிறோம். அதன் கொள்கையைப் பார்த்தா சொல்கிறோம்? விட்டுப் போகாததைப் பார்த்து. விட்டுப் போகாதவனுக்குத்தான் சண்டை போடவும் பாத்தியதை உண்டு. போனவன் எதற்காகப் புலம்பப் போகிறான்?

சபைக்குள்ளிருந்து வரும் மறுப்பு இதைவிடக் கடுமையானது: அப்படியானால் எதையும் கேட்காமல், தலையெழுத்து என்று இருந்துவிடலாமா? கெத்சமனேயில் இயேசுவே, முடிந்தால் இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்றுதான் கேட்டார், நீங்கவில்லை. கேட்பதில் குறைவில்லை. கேட்டதைக் கடன்பத்திரமாக எழுதி வைத்துக்கொள்வதில்தான் கோளாறு. இன்னொன்று, தஞ்சையிலிருந்து தப்பியவர்கள் ஜெபித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடவில்லை, ஆற்றைக் கடந்தார்கள். மருத்துவரிடம் போவதும், கடன் கழுத்தை நெரிக்கும்போது நாலு பேரிடம் வாய்விட்டுச் சொல்வதும் அந்த ஆற்றைக் கடப்பதுதான். மாத்திரையை நிறுத்து, ஜெபம் போதும் என்கிறவரை எந்தச் சபையும் மேடையேற்றக்கூடாது.

திருக்காவலூர் என்று பெயர் வைத்தவருக்கு அந்த ஊரிலேயே கண்மூடக் கொடுத்து வைக்கவில்லை. 1747இல் வேறு மண்ணில் இறந்தார். ரஞ்சன்குடியில் இன்று காவலுக்குப் படையில்லை, மதிலை ஏறிப் பார்க்க யாரும் போகலாம். ஏலாக்குறிச்சிக்கு ஜனம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. போன வருடம் கேட்டது கிடைக்காதவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள்.