தண்ணீரின் சாட்சி

என் தாத்தா உபதேசியார். பாஸ்கா சனிக்கிழமை சாயங்காலம் ஞானஸ்நானத் தொட்டிக்குத் தண்ணீர் நிரப்புவது அவர் பொறுப்பு. மேலத்தெருக் கிணற்றிலிருந்து நாலு குடம். 1950களின் கடைசி; பூசை இன்னும் லத்தீனில்தான் நடந்துகொண்டிருந்தது. இரவு சாமியார் எரிகிற பாஸ்காத் திரியை அந்தத் தண்ணீருக்குள் மூன்று தடவை இறக்கி மந்திரிப்பார். மறுநாள் காலை எல்லோரும் அதைப் பாட்டிலில் பிடித்துப்போவார்கள், கீழத்தெருக்காரர்கள் உட்பட. முந்தின நாள் அதே தண்ணீர் கிணற்றில் கிடந்தபோது அவர்கள் அதன் பக்கத்தில் வர முடியாது.

இதை ஒரு சாதிக் கதையாகச் சொல்லி, கோபப்பட்டு, முடித்துவிடலாம். கோபப்பட வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: ஒரு குறியீடு யாருக்குச் சொந்தம்? பொருளுக்கா, அதைக் கையில் எடுப்பவனுக்கா? நம் கவிஞர்கள் நதி, மழை, குளம் என்று எழுதும்போது இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. தண்ணீர் என்று எழுதினால் போதும், புனிதம் தானாக ஊறிவிடும் என்று நினைக்கிறார்கள்.

கிறிஸ்தவத்தில் இதற்கு இரண்டு பதில்கள் ஆரம்பத்திலேயே கிடைத்துவிட்டன. கி.பி. 200ஐ ஒட்டி கார்த்தேஜ் நகரில் இருந்துகொண்டு ஞானஸ்நானம் பற்றித் தனிப் புத்தகம் எழுதிய தெர்த்துல்லியன் பொருளின் பக்கம். உலகம் உருவாவதற்கு முன்பே ஆவி தண்ணீர் மேல் அசைவாடியது. ஆகவே தண்ணீருக்கு அந்தத் தகுதி அதன் பிறப்பிலேயே உண்டு என்பது அவர் கட்சி. இருநூறு வருஷங்களுக்குப் பிறகு அகுஸ்தீன் எதிர்ப்பக்கம். சொல் வந்து சேராதவரை தண்ணீர் வெறும் தண்ணீர். சொல் சேர்ந்தால்தான் அது (என் சிறுவயதில் சொன்ன வார்த்தையில்) தேவதிரவிய அநுமானம். என் தாத்தாவுக்கு இருவர் பெயரும் தெரிந்திருக்கும், அர்ச்சியசிஷ்டர் பட்டியலில் அகுஸ்தீன் பெயர் நிச்சயம். அவர் கிணற்றுக்கும் தொட்டிக்கும் நடுவில் வைத்திருந்த கோடு அகுஸ்தீனுடைய கோடுதான் என்று அவரிடம் சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

மொழியும் இதில் சும்மா இருக்கவில்லை. ஞானஸ்நானம் என்ற சொல்லில் இருப்பது குளியல், அழுக்கு நீக்கம். மூலக் கிரேக்கச் சொல்லோ அமிழ்த்துவது. கப்பல் மூழ்குவதற்கும் அதே சொல். பின்னால் வந்த 'திருமுழுக்கு' அந்த அபாயத்துக்குக் கொஞ்சம் அருகில் வருகிறது. முழுக்கு தமிழில் லேசான சொல் அல்ல. சாவுச் சேதி கேட்டால் தலை முழுகுகிறோம். மகன் ஓடிப்போனால் அப்பன் 'அவனைத் தலைமுழுகிட்டேன்' என்கிறான். உறவு அறுவதற்கும் தண்ணீர்தான் சாட்சி. பவுல் ரோமர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஞானஸ்நானத்தை அடக்கம் செய்யப்படுவதாகவே பேசுகிறார். இதைக் கழுவுதலாக மட்டும் புரிந்துகொண்டவர்கள் பாதியைத்தான் புரிந்துகொண்டார்கள்.

ஆனால் யார் சாகிறார்கள்? பேதுருவின் முதல் கடிதம் நோவாவின் வெள்ளத்தை ஞானஸ்நானத்தின் முன்னடையாளம் என்கிறது. தப்பியவர்கள் எட்டுப் பேர் என்று எண்ணியும் சொல்கிறது. மூழ்கியவர்களை யாரும் எண்ணவில்லை. பாஸ்கா இரவில் செங்கடல் பிளந்த கதை தவறாமல் வாசிக்கப்படும். பார்வோனின் சேனை அடியில் கிடக்க மேலே பாட்டு. 1523இல் லூத்தர் எழுதிய ஞானஸ்நான முறையிலும் வெள்ளமும் பார்வோனும் ஒரே ஜெபத்தில் வருகிறார்கள். தொட்டிக்குப் பக்கத்தில் குழந்தையை ஏந்தி நிற்கும் தாயின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்?

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதை ஜூரிக் காட்டியது. 1525 ஜனவரி 21 இரவு, பெலிக்ஸ் மான்ஸ் என்பவர் வீட்டில் சிலர் கூடி, வயது வந்தவர்களாக மறுபடி ஞானஸ்நானம் பெற்றார்கள். விவரம் தெரியாத குழந்தைக்குக் கொடுப்பது ஞானஸ்நானம் ஆகாது என்பது அவர்கள் வாதம். மான்ஸ் படித்தவர், எபிரேயம் தெரிந்தவர், ஊரின் பெரிய கோயில் குருக்களில் ஒருவரின் மகன். சீர்திருத்தத் தலைவர் ஸ்விங்லியோடு சேர்ந்து படித்தவர். 1526 மார்ச்சில் நகரசபை, மறுஞானஸ்நானம் கொடுப்பவன் தண்ணீரில் அமிழ்த்தப்படுவான் என்று உத்தரவு போட்டது. 1527 ஜனவரி 5ஆம் தேதி மான்ஸைப் படகில் லிம்மாட் ஆற்றின் நடுவே கொண்டுபோனார்கள். கைகளைக் கட்டி, முழங்கால்களுக்குக் கீழே இறக்கி, இடையில் ஒரு கம்பைச் செருகி, உள்ளே தள்ளினார்கள். கரையில் நின்ற தாயும் சகோதரனும் 'உறுதியாக இரு' என்று குரல் கொடுத்ததாகச் சொல்கிறார்கள்.

எனக்கு இதில் ஒரு விவரம் போகமாட்டேன் என்கிறது. அன்றிரவு அவர்கள் பெற்ற ஞானஸ்நானம் தலையில் தண்ணீர் ஊற்றித்தான். மான்ஸ் முழுதாக மூழ்கியது நகரசபையின் கையால். அதிகாரிகள் குறியீட்டை மறந்து அந்தத் தண்டனையைத் தேர்ந்தெடுக்கவில்லை. குறியீடு நன்றாகத் தெரிந்திருந்ததால்தான் தேர்ந்தெடுத்தார்கள். தண்ணீர் வேண்டுமென்றாய், இந்தா. தெர்த்துல்லியனின் தண்ணீர் இங்கே மறுப்புச் சொல்லவில்லை. அகுஸ்தீனின் சொல்லும் இருந்தது. சபையின் தீர்ப்பு வாசகமும் சொல்தானே? படகில் ஒரு போதகர் கூட இருந்தார்.

2004 ஜூன் 26இல் அதே ஆற்றங்கரையில் மான்ஸுக்கும் 1532 வரை அங்கே மூழ்கடிக்கப்பட்ட வேறு ஐவருக்கும் ஒரு கல் பதித்தார்கள். ஜூரிக் சீர்திருத்தச் சபை மன்னிப்புக் கேட்டது. அதிலிருந்து சரியாக ஆறு மாதம், டிசம்பர் 26. வேளாங்கண்ணிக் கடற்கரையில் கிறிஸ்மஸுக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை, புதுமை என்றார்கள் பலர். மறுபடி அந்த எட்டுப் பேர் கணக்கு. அப்படிச் சொன்னவர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. பிழைத்தவனுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். ஆனால் அலைக்குப் போனவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தானே என்ற கேள்விக்கு அந்தப் புதுமையில் இடமே இல்லை.

யோவானின் முதல் கடிதம் தண்ணீரைச் சாட்சிகளில் ஒன்றாக வைக்கிறது. சாட்சி என்றால் கூப்பிட்டவனுக்குச் சாதகமாக மட்டும் பேசுவது என்று பொருளில்லை. அங்கேதான் எனக்கு இரண்டு பெரியவர்களோடும் பிணக்கு. கிணற்றில் கிடந்தபோது எதையும் சொல்லாத தண்ணீர் தொட்டியில் மட்டும் 'நீங்கள் ஒன்று' என்று சொல்லும் என்றால், அது சாட்சி அல்ல, சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிற பிள்ளை.

ஒரு வருஷம், எனக்குப் பத்து வயதிருக்கும், கீழத்தெருப் பையன் ஒருவன் தன் பாட்டில் தீர்த்தத்தைக் கொண்டுவந்து மேலத்தெருக் கிணற்றில் ஊற்றிவிட்டான். விளையாட்டா, வீம்பா, பக்தியா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரு கூடிவிட்டது. மந்திரித்த தீர்த்தம் கலந்ததால் கிணறு புனிதமாயிற்றா, பையன் கை பட்டதால் தீட்டாயிற்றா? சாமியாரிடம் ஆள் போனது. அவர் தலைவலி என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

மத்தியானம் கிணற்றை இறைத்தார்கள். முதலில் கயிற்றைப் பிடித்தவர்களில் என் தாத்தாவும் உண்டு. முந்தின நாள் நாலு குடம் சுமந்த அதே தோள். இருட்டும்வரை இறைத்தார்கள். தண்ணீர் வாய்க்கால் வழியாகக் கீழத்தெருப் பக்கம்தான் ஓடியது. சரிவு அந்தப் பக்கம்.