சித்தி விரலில் ஒரு வேல் மோதிரம்

 

இன்னைக்குப் பலன், பரிகாரம், அற்புதம் எதுவும் எழுதல. நான் செஞ்ச ஒரு காரியத்தைச் சொல்லணும்.

போன வருஷம் ஆன்லைன்ல சாமி சாமான் விக்கிற ஒருத்தர் மெசேஜ் பண்ணார். வேல் பதிச்ச மோதிரம். ஒரு பதிவுக்கு 3,000 ரூபாய். "விளம்பரம் மாதிரி தெரியக்கூடாது பிரதர், உங்க அனுபவம் மாதிரி எழுதுங்க." அவ்வளவுதான் கண்டிஷன். மூணு பதிவு எழுதினேன். மோதிரம் போட்ட 21வது நாள் என் கடன் அடைஞ்சதுன்னு எழுதினேன். அந்த மோதிரத்தை நான் தொட்டதுகூட இல்லை. வந்த 9,000 ரூபாயில பைக் டியூ கட்டினேன். கடன் அடைஞ்சது என்னமோ உண்மைதான், மோதிரம் போட்டு இல்ல, மோதிரம் வித்து!

ரெண்டு மாசம் கழிச்சு திருமங்கலத்துல சித்தி வீட்டுக்குப் போனேன். சித்தி பூக்கட்டி விக்கிறவங்க. மல்லி தொடுக்கிற விரல்ல அந்த மோதிரம்.

"நீ எழுதினதைப் பாத்துத்தான் தம்பி வாங்குனேன். 1,499 ரூவா. குழுவுக்குக் கட்ட வச்சிருந்த காசு, ஒரு வாரம் தள்ளிக் குடுத்துக்கலாம்னு. உனக்கே கடன் அடைஞ்சிருக்கே."

சாப்பாடு இறங்கல.

ஃப்ரெண்டு ஒருத்தன்கிட்ட சொன்னேன். "காசு வாங்குனது தப்பாடா? கச்சேரி பண்றவங்க வாங்கலையா?"ன்னான். நியாயமான கேள்விதான். கொஞ்ச நாள் அதையே பிடிச்சுத் தொங்கிட்டு இருந்தேன்.

நம்ம மதுரை சோமு ஐயாவை எடுத்துக்கோங்க. 1919ல் சுவாமிமலையில் பிறந்து மதுரையில் வளர்ந்தவர், சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் சீடர், பெரிய கச்சேரி வித்வான். 1972ல் சின்னப்பா தேவரோட 'தெய்வம்' படத்துல 'மருதமலை மாமணியே' பாடினார். கண்ணதாசன் பாட்டு, குன்னக்குடி வைத்தியநாதன் இசை. வித்வான் சினிமாவுக்குப் பாடினா 'வித்துட்டாருப்பா'ன்னு சொல்ல எப்பவும் நாலு பேர் உண்டு. ஆனா அந்தப் பாட்டை ஹெட்போன் போட்டு ஒரு தடவை கேளுங்க. தர்பாரி கானடா ராகம். கச்சேரியில எப்படி உருகுவாரோ அதே உருக்கம், அதே கனத்த குரல், சினிமாவுக்காக ஒரு இழைகூட மெலியல. உதடு அசைக்க நடிகரும் கிடையாது, திரையில அவரேதான் உட்கார்ந்து பாடுறார். அவர் சினிமாவுக்குப் போன மாதிரி எனக்குத் தோணல. அவர் கச்சேரிக்குள்ள சினிமா வந்த மாதிரி இருக்கு. வாசல் தாண்டாத சித்தி மாதிரி எத்தனையோ பேருக்கு மருதமலையைக் காட்டினது அந்தக் குரல்தான்.

அதனால காசு பத்தின கேள்வி என்னை விட்டுப் போயிடுச்சு. வேற ஒண்ணு பிடிச்சுக்கிச்சு.

நம்மில் நிறைய பேர் திருமுருகாற்றுப்படை பாராயணம் பண்றோம். ஆற்றுப்படைன்னா என்னன்னு யோசிச்சிருக்கீங்களா? ஆறுன்னா வழி. ஒரு வள்ளல்கிட்டப் பரிசு வாங்கிட்டுத் திரும்பி வர்ற பாணன், எதிர்ல பசியோட வர்ற இன்னொரு பாணனைப் பார்த்து, 'இந்த வழியாப் போ, இன்னாரைப் பாரு, உனக்கும் கிடைக்கும்'னு அனுப்பி வைக்கிறது. பத்துப்பாட்டுல 5 பாட்டு இந்த வகை. பரிசும் சோறும் அதுல வெளிப்படையாவே வரும், யாரும் கூச்சப்படல. ஆனா வழி சொல்றவன் அங்க போய் வந்தவனா இருப்பான். அவன் கையில இருக்கிற பரிசுதான் சாட்சி.

மதுரைக் கணக்காயனார் மகன் நக்கீரர் இந்த வகையில ராஜாவை எடுத்துட்டு முருகனை வச்சார். முதல்ல சொன்ன இடமே நம்ம திருப்பரங்குன்றம். பூதம் அவரைக் குகைக்குள்ள அடைச்சு வச்ச கதை தெரியும்ல? வெளிய வர வழியில்லாம யாரை நம்பிக் கூப்பிட்டாரோ, அவர்கிட்டத்தான் நம்மளையும் அனுப்புறார்.

நானும் சித்திக்கு ஒரு ஆற்றுப்படை எழுதியிருக்கேன். போகாத ஊருக்கு வழி.

பதிவு மூணையும் அழிச்சுட்டேன். பிரயோஜனம் இல்ல. போன வாரம்கூட ஒரு குரூப்ல ஃபார்வர்டா எனக்கே வந்துச்சு. என் வார்த்தை, கீழ யாரோ பேர்.

கிருத்திகை அன்னைக்கு சித்தியைக் குன்றத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். சாமி கும்பிட்டுட்டு வெளிய வந்து உட்கார்ந்தப்ப எல்லாத்தையும் சொன்னேன். 1,499 ரூபாயையும் கையில வச்சேன். சித்தி திட்டல. காசை எண்ணாம முந்தானையில முடிஞ்சாங்க. மோதிரத்தை விரல்லயே ரெண்டு சுத்து சுத்திப் பாத்தாங்க.

"வேல் போட்டிருக்கே தம்பி... இத இப்ப கழட்டவா, வேணாமா?"

எனக்குப் பதில் தெரியல.