அந்த ‘உஸ்’ சத்தம் உனக்குக் கேட்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறைக்குப் போ.

எல்லா மெஷினையும் நிறுத்து. கம்ப்ரசரை மட்டும் ஓட விடு. டேங்க் நிரம்பி மோட்டார் அடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு நில்.

கேட்கிறதா?

உஸ்ஸ்ஸ்...

மூலையில் ஒன்று. தலைக்கு மேலே ஓடும் பைப்பில் ஒன்று. ஏர் கன் மாட்டும் கப்ளரில் ஒன்று. ஒருவரும் வேலை செய்யாத நேரத்தில் உன் காசு காற்றோடு போய்க்கொண்டிருக்கிறது!

இந்தச் சத்தம் நேற்று இல்லையா? இருந்தது. போன வருஷம் இல்லையா? இருந்தது. உன் காதுக்குப் பழகிப்போய்விட்டது!

‘பழகிப்போச்சு’. இந்த ஒரு சொல் எத்தனை பட்டறைகளைத் தின்றிருக்கிறது! எத்தனை பேரை இருந்த இடத்திலேயே உட்கார வைத்திருக்கிறது!

“காற்றுதானே, போனால் போகட்டும்” என்கிறாயா?

வெளியே வீசும் காற்று இலவசம். டேங்குக்குள் இருக்கும் காற்று இலவசம் இல்லை. அது நீ காசு கொடுத்து அழுத்திய காற்று!

மின்சாரம் 10 பங்கு உள்ளே போகிறது. கருவியின் முனையில் வேலையாக வருவது ஒரு பங்கு, மிஞ்சினால் ஒன்றரைப் பங்கு. மற்றதெல்லாம் வெப்பமாகப் போய்விடுகிறது. கம்ப்ரசர் அறைக்குள் நுழைந்ததும் முகத்தில் அடிக்கும் அனல் இருக்கிறதே, அதுவும் நீ கட்டும் கரண்ட் பில்தான்.

கணக்குப் போடு. 3 மில்லிமீட்டர் ஓட்டை. ஒரு ஆணி போகும் அளவு. 7 பார் அழுத்தத்தில் அந்த ஓட்டைக்குத் தீனி போடச் சுமார் 3 கிலோவாட் வேண்டும்.

நாளுக்கு 10 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள். 9,000 யூனிட்! யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 72,000 ரூபாய்!

ஒரே ஒரு ஓட்டை. 72,000 ரூபாய். இதற்குப் பிறகும் “தொழிலில் லாபமே இல்லை” என்பாயா?

இப்போது ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் பதில் சொல்.

காற்று பத்தவில்லை என்றதும் நீ முதலில் என்ன செய்கிறாய்?

பிரஷர் சுவிட்சைத் திருகி அழுத்தத்தை ஏற்றுகிறாய். 7 பாரை 8 ஆக்குகிறாய். கருவி சுறுசுறுப்பாகிறது. “சரியாகிவிட்டது” என்று நகர்ந்துவிடுகிறாய்.

என்ன சரியானது?

ஒரு பார் ஏற்றினால் மின்செலவு சுமார் 6 முதல் 7 சதவீதம் ஏறும். அதோடு நின்றதா? அழுத்தம் ஏற ஏற ஒவ்வொரு ஓட்டையிலும் கசிவும் ஏறும்! நோயை விட்டுவிட்டு நோய்க்கே சோறு போட்டிருக்கிறாய்!

வாழ்க்கையிலும் நீ செய்வது இதுதானே?

வருமானம் பத்தவில்லை. உடனே இன்னும் ரெண்டு மணி நேரம் ஓவர்டைம். அதுவும் பத்தவில்லை. இன்னொரு கடன். ராத்திரித் தூக்கத்தையும் வெட்டுகிறாய். அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறாய்!

கசிவைத் தேடினாயா? படுத்தபடி போனில் கரையும் ரெண்டு மணி நேரம், “நாளைக்குப் பார்க்கலாம்” என்று தள்ளிப்போட்ட வேலை, “நமக்கு வராது” என்று முயலாமலே விட்ட கணக்கு. இவையெல்லாம் உஸ் உஸ் என்று போய்க்கொண்டிருப்பது கேட்கவில்லையா?

உழை, இன்னும் உழை என்று ஊரே உனக்குச் சொல்லும். நான் சொல்கிறேன்: முதலில் கசிவை அடை!

உன்னிடம் சக்தி இல்லை என்று எவன் சொன்னான்? இருக்கிறது. வழியில் போகிறது!

“நான் வெறும் ஹெல்பர். எனக்கு என்ன தெரியும்?”

தெரிய வேண்டாம்! சோப்புத் தண்ணீர் கலக்கத் தெரியுமா? பழைய பிரஷ் ஒன்று கிடைக்குமா? கையில் சாக்பீஸ் இருக்கிறதா?

போதும். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் தடவு. குமிழி கிளம்பும் இடத்தில் வட்டம் போடு. ஓட்டை உன் முன்னால் கை தூக்கி நிற்கும்!

“நான் படிக்கவில்லை.”

வகுத்தல் தெரியுமா? மெஷின்கள் எல்லாம் நின்றிருக்கும்போது கம்ப்ரசர் எவ்வளவு நேரம் காற்றை ஏற்றுகிறது, எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்று போனில் நேரம் பார். நாலைந்து சுற்று பார்த்துச் சராசரி எடு.

2 நிமிஷம் ஏற்றுகிறது, 6 நிமிஷம் சும்மா இருக்கிறது என்று வை. மொத்தம் 8. அதில் 2 என்றால் கால் பங்கு. உன் கம்ப்ரசர் தரும் காற்றில் நூற்றுக்கு 25 பங்கு கசிவுக்கே போகிறது!

பெரிய இன்ஜினீயரும் இதே கணக்கைத்தான் போடுகிறார். அவர் போட்டால் அறிக்கை. நீ போட்டால் அறிவு இல்லையா?

“முதலாளி கேட்க மாட்டார்.”

நீ சொன்னாயா? ‘லீக் ஆகுது அண்ணா’ என்று போகிற போக்கில் சொன்னதைச் சேர்க்காதே. “அண்ணா, வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய் போகிறது, வாஷருக்கும் கப்ளருக்கும் இவ்வளவு ஆகும்” என்று தாளில் எழுதி நீட்டினாயா? ரூபாயில் பேசு. எந்த முதலாளியும் நிமிர்ந்து பார்ப்பார்!

என் கதையைக் கேள்.

பத்தொன்பது வயசில் ஒரு பெயிண்டிங் பட்டறையில் சேர்ந்தேன். டேங்க் அடியில் உள்ள வால்வைத் திறந்து தினமும் தண்ணீரை வடிப்பது என் வேலை. தரையோடு படுத்து, கையை உள்ளே விட்டுத் திருக வேண்டும். அழுக்கு. சோம்பல். ஒரு நாள் விட்டேன். ஒரு வாரம் விட்டேன். பிறகு மறந்தே போனேன்.

ஒரு நாள் காலை. பளபளவென்று நீலம் அடித்த பீரோ கதவு. ஸ்ப்ரே கன் முனையிலிருந்து ‘புளிச்’ என்று ஒரு துப்பல். கதவு முழுக்கப் பொட்டுப் பொட்டாகக் குழி. நாலு கதவு போச்சு. இரண்டு நாள் உழைப்பு போச்சு.

மேஸ்திரி திட்டவில்லை. என்னைக் கூட்டிப்போய் அந்த வால்வைத் திறந்தார். டீ டிகாக்ஷன் நிறத்தில் துருத்தண்ணீர். நிற்கவே இல்லை. ஒரு வாளி நிறைந்தது. “இது உன் வாளி” என்றார். அவ்வளவுதான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஓடிப்போய்விடலாமா என்று தோன்றியது. ஓடவில்லை. மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போய்த் தரையில் படுத்தேன். வால்வைத் திறந்தேன். அன்றிலிருந்து ஒரு நாளும் விட்டதில்லை.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்ததுதான் என் முதல் பாடம். 7 பாருக்கு அழுத்தும்போது எட்டு டேங்க் காற்று ஒரு டேங்குக்குள் அடங்குகிறது. எட்டு டேங்கின் ஈரமும் அதே ஒரு டேங்குக்குள் வந்து சேர்கிறது. சூடு தணிந்ததும் ஈரம் தண்ணீராகிறது. தண்ணீர் தகட்டை உள்ளேயிருந்து அரிக்கிறது.

வெளியே பெயிண்ட் பளபளக்கும். உள்ளே துரு தின்னும். வடிக்காத டேங்க் ஒரு நாள் வெடிக்கும்!

நீயும் தோற்றிருக்கிறாயா? திட்டு வாங்கியிருக்கிறாயா? நல்லது! உன் வாளியை எடு. மறுநாள் முதல் ஆளாகப் போ!

“எனக்கு அந்த மெஷினைத் தொடவே பயம்.”

பயப்படு! அழுத்திய காற்றுக்குப் பயப்படாதவன் வீரன் இல்லை, விவரம் தெரியாதவன்.

ஆனால் பயந்து ஓடாதே. பயத்தைப் பழக்கமாக மாற்று. கழற்றும் முன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டு. டேங்க்கையும் லைனையும் காலி செய். கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்ததைக் கண்ணால் பார். பிறகு ஸ்பானரைத் தொடு.

சேஃப்டி வால்வு அடிக்கடி திறக்கிறதா? கம்பி போட்டுக் கட்டாதே! அது உன்னிடம் எதையோ சொல்கிறது. ஏன் திறக்கிறது என்று தேடு. வாயை அடைக்காதே.

சட்டையில் ஒட்டிய தூசியை ஏர் கன்னால் ஊதுகிறாயா? நிறுத்து! கண் போகும். காயத்தின் வழியே காற்று உடம்புக்குள் ஏறும். கூட்டாளியின் உடம்பில் ஹோஸை வைத்து விளையாடியதில் உயிரே போன செய்திகளைப் படித்தாயே, மறந்துவிட்டாயா? அது விளையாட்டு இல்லை. கொலை!

தைரியம் என்பது ஒழுங்கு. ஒழுங்கு உள்ளவனை மெஷினும் மதிக்கும்.

“இதெல்லாம் சின்ன வேலை” என்கிறாயா?

இந்தக் காற்று மலையைத் துளைத்திருக்கிறது, தெரியுமா?

ஆல்ப்ஸ் மலை. பிரான்சுக்கும் இத்தாலிக்கும் நடுவே ரயில் சுரங்கம். சுமார் 13 கிலோமீட்டர். 1857இல் வேலை தொடங்கியது. உளியும் சுத்தியலும் வெடிமருந்தும்தான். இந்த வேகத்தில் போனால் எத்தனை பத்தாண்டுகள் ஆகுமோ என்று உலகம் உதட்டைப் பிதுக்கியது.

உள்ளே நீராவி இன்ஜின் வைத்தால் புகையில் ஆள் செத்துப்போவான். என்ன செய்வது?

ழெர்மேன் சொமெய்யே என்ற இன்ஜினீயர் காற்றை எடுத்தார். வெளியே அழுத்தி, குழாயில் உள்ளே அனுப்பி, 1861இல் காற்றால் துளையிடும் கருவிகளை இறக்கினார். கருவிகள் அடிக்கடி பழுதாயின. விட்டாரா? இல்லை. திருத்தினார். மறுபடி இறக்கினார்.

கருவி வேலை செய்து முடித்து வெளியே விட்ட காற்றே உள்ளே இருந்த தொழிலாளிக்கு மூச்சானது!

1870 டிசம்பரில் இரண்டு பக்கத்துத் துளைகளும் சந்தித்தன. 1871 செப்டம்பரில் சுரங்கம் திறந்தது. திறப்பு விழாவைப் பார்க்க சொமெய்யே இல்லை. இரண்டு மாதம் முன்பே இறந்துபோனார். மலை மட்டும் வழிவிட்டு நின்றது!

இன்னொருவர். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். 1869இல் ரயிலுக்கு ஏர் பிரேக் காப்புரிமை வாங்கியபோது வயசு 22!

அவருடைய முதல் பிரேக்கில் ஒரு குறை. காற்று வந்தால்தான் பிரேக் பிடிக்கும். ஹோஸ் அறுந்தால்? பிரேக்கே இல்லை!

மனுஷன் மறைக்கவில்லை. சப்பைக்கட்டு கட்டவில்லை. 1872இல் தலைகீழாக மாற்றினார். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும். அழுத்தம் இறங்கினால் தானாகப் பிடிக்கும். ஹோஸ் அறுந்தால் ரயில் நிற்கும்!

இன்று நீ ஊருக்குப் போகும் ரயிலும் அந்த வழியில்தான் நிற்கிறது. பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம். பெட்டிக்குப் பெட்டி கசிவு பார்த்த ஒரு தொழிலாளியின் காதை நம்பித்தான் நீ மேல் பெர்த்தில் தூங்குகிறாய்.

இப்போது சொல். சின்ன வேலையா?

பஞ்சர் கடையில் டயருக்குக் காற்று அடிக்கிறாயா? பல்லடம் பக்கம் ஏர்ஜெட் தறியில் காற்றால் நூலைப் பறக்க விடுகிறாயா? கோயம்புத்தூர் ஃபவுண்டரியில் மணலை ஊதுகிறாயா? எங்கே நின்றாலும் உன் கையில் இருப்பது மலையைத் துளைத்த அதே காற்று!

நாளைக் காலையிலிருந்து செய்.

தினமும் தண்ணீரை வடி. ஆயில் அளவைப் பார். சத்தம் மாறியிருக்கிறதா என்று கேள்.

வாரம் ஒரு முறை ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய், கிழிந்திருந்தால் மாற்று. மோட்டாரை நிறுத்திவிட்டு பெல்ட்டைப் பார். தளர்ந்த பெல்ட் வழுக்கும். விறைத்த பெல்ட் பேரிங்கைத் தின்னும்.

மாதம் ஒரு முறை சோப்புத் தண்ணீரோடு கசிவு நடை. ஆண்டு தவறாமல் தகுதியுள்ளவரை அழைத்து டேங்கைச் சோதிக்கச் சொல்.

கம்ப்ரசர் அறையில் ஜன்னல் இருக்கிறதா? உள்ளே இழுக்கும் காற்று 4 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால் மின்செலவு சுமார் ஒரு சதவீதம் கூடும். ஜன்னலைத் திற!

20 ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கு. தேதி போடு. என்ன பார்த்தாய், என்ன மாற்றினாய், எழுது. ஒரு வருஷம் எழுது. ‘வெறும் ஹெல்பர்’ என்று அழைத்தவன், மெஷின் மக்கர் செய்யும்போது உன்னைத் தேடி ஓடிவருவான்!

பட்டம் பிறகு வரட்டும். பதவி பிறகு வரட்டும். காதைத் தீட்டு. கையை நீட்டு!

எழுந்திரு. வரும் ஞாயிறு காலை. சோப்புத் தண்ணீர், பிரஷ், சாக்பீஸ். மெஷின்களை நிறுத்து. கண்ணை மூடு.

ஒவ்வொரு ஓட்டையாக அடை. கடைசி ஓட்டையை இறுக்கிவிட்டு மறுபடி நின்று கேள்.

சத்தமே இருக்காது. முள் 7இல் அப்படியே நிற்கும்.

உன்னுடைய காற்று. முழுசாக உன் கையில்!