வரவேற்பறையில் ஒரு கைநாட்டு

சேலத்தில் என் பெரியப்பா மகன் புது வீடு கட்டி, போன தை மாதம் பால் காய்ச்சினார். கூடத்தில் சோபாவுக்கு மேலே நாலடி அகலத்தில் ஓர் அலுமினியத் தகடு தொங்கியது. பழுப்பேறிய முத்திரைத்தாளின் படம். மேலே ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை, நடுவில் சாய்ந்தோடும் பழைய கையெழுத்து, கீழே உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கிய ஒரு பெருவிரல் ரேகை. வந்தவர்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

அந்தத் தாளை ஊர் வீட்டு ட்ரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, படம் பிடித்து, ‘நம்ம பரம்பரைச் சொத்து’ என்று குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டது நான்தான். அப்போது நான் அதை முழுதாகப் படித்திருக்கவில்லை. மன்னர் தலையும் கையெழுத்தின் நெளிவும் போதுமானதாக இருந்தன.

திருச்செங்கோடு தாலூகாவில் 1943இல் எழுதிய விடுதலைப் பத்திரம் அது. எழுதிக்கொடுத்தவர் என் அப்பாருவின் தம்பி மனைவி, எங்களுக்குச் சின்ன ஆயா. வயது ‘சுமார் 22’. புருசன் காலமாகிவிட்டார், பிள்ளை இல்லை. குடும்ப நிலத்திலும் கிணற்றிலும் தனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று அவர் ஒப்புக்கொள்கிறார். பதிலுக்கு ஆயுள் உள்ளவரை வருசத்துக்கு முப்பது வள்ளம் கம்பு, இரண்டு சேலை, தெற்குச் சாய்ப்பில் ஓர் அறை. வாங்கிக்கொண்டவர் என் அப்பாரு.

சட்டப்படி அவரிடம் விட்டுக்கொடுக்கப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. கணவன் சொத்தில் விதவைக்குப் பங்கு தரும் சட்டம் 1937இல் வந்தது, அதுவும் ஆயுள் வரைக்கான பங்குதான். விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941இல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் அதை நிலத்துக்கும் நீட்டியது 1947இல். சின்ன ஆயாவின் புருசன் அதற்கு முன்பே போய்விட்டார். அப்படியிருந்தும் கைநாட்டு வாங்கி வைத்தார்கள் என்றால், கதவு அசைவதை யாரோ கவனித்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணைவிட அவளைச் சுற்றியிருந்த ஆண்கள் சட்டத்தைக் கூர்மையாகப் பின்தொடர்ந்திருக்கிறார்கள்.

கைநாட்டு என்பதே அப்படிப் பிறந்ததுதான். 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் கை முழுவதையும் மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதித்தார். பின்னால் மறுத்துப் பேசக் கூடாது என்று அந்த மனிதரைப் பயமுறுத்தவே அப்படிச் செய்ததாக அவரே எழுதியிருக்கிறார். நம் கூடங்களில் அழகாகத் தொங்குவது அந்தப் பயத்தின் ரேகை.

‘விடுதலை’ என்ற சொல்லையும் பாருங்கள். நிலத்தை இழப்பதற்கு நம் பத்திர மொழியில் அதுதான் பெயர்.

எங்கள் சீமையே அப்படிக் கைமாறியதுதான். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் சேலத்தையும் பாராமகாலையும் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தார். பிறகு அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வந்து நிலத்தை அளந்தார்கள். ரயத்துவாரி முறை இங்கேதான் உருக்கொண்டது. பட்டாவில் ஏறியது வரி கட்டுகிறவன் பெயர். களை எடுத்தவளின் பெயருக்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

அண்ணனிடம் மெல்லச் சொன்னேன். “பேப்பரைக் கரையான் தின்னுட்டுப் போயிரும் கண்ணு, இது நூறு வருசம் நிக்கும்” என்றார். அதில் நியாயம் உண்டு. காகிதத்தில் அச்சிட்ட சாயம் இருநூறு டிகிரி சூட்டில் ஆவியாகித் தகட்டின் பூச்சுக்குள் இறங்கிவிடுகிறது, லேசில் போகாது. ஆனால் எது நிற்கிறது? எழுத்தை மங்கலாக்கினால்தான் ‘லுக்’ வரும் என்று அச்சிட்ட கடையில் சொன்னார்களாம். மன்னர் தெளிவாக இருக்கிறார், ரேகை தெளிவாக இருக்கிறது. கம்பும் சேலையும் சாய்ப்பு அறையும் வெறும் நெளிவுகளாகிவிட்டன.

காலனியத் தாளைச் சுவரில் மாட்டுவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். மொரீஷியசின் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனம் ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகளை வைத்திருக்கிறது, பலருடைய புகைப்படங்களோடு. வழித்தோன்றல்கள் தேடிப் போய்ப் பிரதி வாங்குகிறார்கள். மாட்டை அளப்பது போல மனிதரை அளந்து எழுதிய தாள்தான் அதுவும். ஆனால் ஒரு கொள்ளுப்பேத்தி அதைக் கூடத்தில் மாட்டினால் எனக்கு உறுத்தாது. அளக்கப்பட்டவளின் வயிற்று வழி வந்தவள் அவள். சின்ன ஆயாவுக்கு அப்படி மாட்ட யாருமில்லை. எங்கள் சுவரில் தொங்குவது வாங்கிக்கொண்டவர்களின் ரசீது.

‘எங்கள்’ என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் விளைந்ததில்தான் எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினார்கள். அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2012இல் என் தம்பிகளுக்கு நானும் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தேன். 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுக்கவும் மகள்களுக்குச் சம பங்கு கொடுத்த சட்டங்கள் எனக்குத் தெரியும், மாணவிகளுக்குப் பாடமும் எடுத்திருக்கிறேன். பதிவாளர் அலுவலகத்தில் கேமராவைப் பார்த்தேன், கருவியில் பெருவிரலை வைத்தேன், வெளியே வந்து எல்லோரும் இளநீர் குடித்தோம். பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற பயத்துக்கு நான் அன்று அன்பு என்று பெயர் வைத்திருந்தேன். சின்ன ஆயாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். யாருடைய கைநாட்டு மோசம் என்று இன்றுவரை எனக்குத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

அன்று சாயங்காலம் கூட்டம் கலைந்ததும், “அதுல என்னதான் எழுதியிருக்குது?” என்று அண்ணி கேட்டார். ஃபோனில் இருந்த மூலப் படத்தைப் பெரிதாக்கி வரிவரியாகப் படித்துக் காட்டினேன். முப்பது வள்ளம் வந்தபோது அவர் தகட்டை நிமிர்ந்து பார்த்தார். “அவங்க பேரு என்னங்க?” என்றார். வீட்டில் எல்லோருக்கும் அவர் ‘வெள்ளச்சேலை ஆயா’தான். பெயர் பத்திரத்தில் இருந்தது, சொன்னேன். இங்கே எழுதவில்லை, அதைப் பொதுவில் வைக்கலாமா என்று குடும்பத்துப் பெண்கள் முதலில் பேசி முடிக்கட்டும்.

முழு வாசகத்தையும் தட்டச்சு செய்து அண்ணிக்கு அனுப்பினேன். தகடு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதன் கீழே அந்தத் தாளை ஒட்டப் போவதாக அண்ணி சொல்கிறார், அண்ணன் வேண்டாம் என்கிறார், பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. என் 2012 பத்திரத்தின் நகல் பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. என் மகளுக்கு வயது 19. அவள் அதை இன்னும் படிக்கவில்லை.