குறித்தலும் தெரிதலும்

றிச்சாட் கார்பீல்ட் ஆக்கி 1993 இல் வெளியான ‘மஜிக்: த கதறிங்’ என்னும் சீட்டாட்டத்திலே, இலக்கைக் குறிக்கும் காலம் பற்றிய விதி ஓர் அறவியல் வினாவை எழுப்புகின்றது. ஒருவர் தம் தெரிவுக்கு எக்கணம் முதற் கட்டுப்பட்டவராகின்றார்?

சீட்டில் ‘இலக்கு’ என்ற சொல் இருப்பின், அதனை ஆடும்போதே இலக்கை அறிவித்தல் வேண்டும். எதிராளி மறுவினை ஆற்றலாம். ஆடியவரோ அறிவித்த இலக்கைத் தம் விருப்பப்படி மாற்றலாகாது. சீட்டு நிறைவேறும் வேளையில் இலக்கின் தகுதி மீண்டும் நோக்கப்படும். குறித்தவை யாவும் தகுதியிழந்திருப்பின் சீட்டுப் பயனற்றொழியும். அச்சொல் இல்லாத தெரிவு பெரும்பாலும் நிறைவேறும் கணத்திலேயே செய்யப்படும்.

1997 இல் வெளிவந்த ‘டயபோலிக் ஈடிக்ட்’ என்னும் சீட்டு இவ்விரண்டையும் ஒருங்கே காட்டுகின்றது. இலக்காகும் ஆட்டக்காரர் தம் உயிரிகளுள் ஒன்றைப் பலியிடவேண்டும் என்பது அதன் கட்டளை. இங்கு இலக்கு ஆட்டக்காரரே. பலியாகும் உயிரியைப் பின்னர் தெரிபவரும் அவரே. அவர் மறுவினையாகச் சிற்றுயிரியொன்றைக் களமிறக்கி அதனையே பலியிட்டால், “வலிய உயிரியையே கருதினேன்” என்னும் முறையீடு செல்லாது. கருதியது வேறு, அறிவித்தது வேறு.

இது வெறுஞ் சொற்பிடிவாதம் எனச் சிலர் கருதலாம். ஆயின், எண்ணம் பிறர்க்குப் புலப்படாதது. அறிவிப்போ இருவர்க்கும் பொதுவானது. விளைவைக் கண்டபின் இலக்கை மாற்ற இடமளிப்பின், அறிவிப்பை நம்பி எதிராளி செலவிட்ட சீட்டு வீணாகும். எனவே, காலவிதி காப்பது ஒருவர் சொல்லின்மீது மற்றவர் வைக்கும் நம்பிக்கையையே. அவ்விதிக்கு ஒருவர் கூறும் விளக்கம் நேர்மையானதா என்பதற்கு உரைகல் ஒன்றுண்டு: எதிரிருக்கையில் அமர்ந்தபோதும் அவர் அதனையே ஏற்பாரா?